சாம்சன் எழுதிய ‘சீர்’

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் பம்ப் ஆபரேட்டர்கள் சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் ஐயா அவர்களே, குடிநீர் அலுவலகத்தின் சார்பில் வருகை தந்திருக்கும் உதவிப் பொறியாளர் திலகவதி அம்மையார் அவர்களே, ஜெபித்து இந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அண்ணி ஆரோக்கியமேரி அவர்களே, சாம்சன் அண்ணனின் மகள் சோனியாவே, ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு நேராக வந்து இடம் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும் ஓடைமேட்டு மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். என் பெயர் குணசுந்தரி. நம் ஓடைமேடு நீரேற்று நிலையத்தில் பதினான்கு வருடமாகப் பம்ப் ஆபரேட்டர். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை சாம்சன் அண்ணன் பார்ப்பார். இரண்டு மணிக்குச் சாவியை என் கையில் கொடுப்பார். பதினான்கு வருடம் அந்தச் சாவி சூடாகத்தான் என் கைக்கு வந்தது. இன்று நாற்பதாவது நாள். சாவியை நானே ஆணியிலிருந்து எடுக்கிறேன்.

மேடை ஏறும்முன் தலைவர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஐந்து நிமிடம் பேசம்மா, அவருடைய சேவையைப் பற்றி மட்டும் பேசு, விசாரணையைப் பற்றி இங்கே வேண்டாம், அம்மையார் வந்திருக்கிறார்கள் என்றார். தலைவர் சொல்லை இதுவரை நான் தட்டியதில்லை. இன்றும் பாதிவரை தட்டமாட்டேன்.

யார் இந்தச் சாம்சன்? ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்த கூலிக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர். சிப்காட்டில் நல்ல ஆலையில் கிடைத்த நிரந்தர வேலையை மூன்றே மாதத்தில் உதறிவிட்டு, ஒப்பந்தக் கூலியாக நம் பம்ப் ஹவுசுக்கு வந்தவர். ஏன் அண்ணா அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஆலையில் என் கையால் என்ன ஆகிறது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை, இங்கே வால்வைத் திறந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது என்றார். ஆரோக்கியமேரி அண்ணி அப்போது கைப்பிள்ளைக்காரி. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

நம் ஊரில் கரண்ட் போனால் நாம் யாருக்குப் போன் செய்வோம்? மின் அலுவலகத்துக்கா? இல்லை. சாம்சனுக்குச் செய்வோம். விளக்கு எரியாதது பற்றி நமக்குக் கவலை இல்லை, தண்ணீர் வருமா என்பதுதான் கவலை. இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு வருகிற ஜனம் நாம். குளிக்காமல் சாப்பிட உட்கார முடியாது. காட்டுப்பள்ளித் துறைமுக வேன் எத்தனை மணிக்கு வரும், எந்தக் கம்பெனியில் எந்த ஷிப்ட் எப்போது விடும் என்று அவருக்கு மனப்பாடம். அதற்கேற்றபடி எந்தத் தெரு வால்வை எப்போது திறப்பது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். போன் செய்தால் எல்லோருக்கும் ஒரே பதில்.

“கொடத்த கழுவி வெய்யிம்மா. நான் கீறேன் இல்ல?”

அவ்வளவுதான். நாமும் குடத்தைக் கழுவி வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

கங்கையம்மன் தெரு சந்திரகலாவின் கல்யாணம் நினைவிருக்கிறதா? சந்திரகலா, நீயும் வந்திருக்கிறாய், பார்த்தேன். அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. நிலையத்து ஜெனரேட்டரில் ஸ்டார்ட்டர் எரிந்து கிடந்தது. அண்ணன் என்ன செய்தார்? காக்கிச் சட்டையும் கிரீஸ் கையுமாக நேரே கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தார். தாலி கட்டி முடிந்திருந்தது, பந்தி நடந்துகொண்டிருந்தது. வெளியே டிராக்டரில் வைத்து ஓடிக்கொண்டிருந்த வாடகை ஜெனரேட்டரை ஒரு மணிநேரம் இரவல் கொடுங்கள் என்று பெண்ணின் அம்மாவிடம் கேட்டார். போட்டோக்காரர் சண்டைக்கு வந்தார். மணப்பெண்தான் மணவறையிலிருந்தே சொன்னாள்.

“குட்த்து அனுப்பும்மா. சாப்ட்ட கைய எங்க கழுவுறதாம்?”

ஃபேனும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் வியர்க்க வியர்க்க நாம் பந்தியில் சாப்பிட்டோம். கை கழுவப் போனபோது குழாயில் தண்ணீர் வந்தது. முதல் ஆளாகக் கை கழுவியவர் அந்தப் போட்டோக்காரர்தான். அண்ணன் இலையில் உட்காரக்கூட இல்லை.

புயல் வந்த வருடம் ஐந்து நாள் இங்கே கரண்ட் இல்லை. சாலையெல்லாம் முழங்கால் தண்ணீர். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. டீசல் வண்டி ஊருக்குள் வர முடியவில்லை. மெயின் ரோட்டிலிருந்து கேனைத் தலையில் வைத்து அண்ணன் கொண்டுவந்தார். இரண்டாம் நாள் அவர் பின்னால் நம் ஆண்கள் பத்துப் பேர் நடந்தார்கள். தெருவுக்கு இருபது நிமிடம் என்று பங்குபோட்டுத் தண்ணீர் விட்டார். அந்த ஐந்து நாளில் ஒரு பிள்ளைக்குக்கூட வயிற்றுப்போக்கு வரவில்லை. அவர்தான் சாம்சன். நம் சாம்சன். இதுவரை யாரும் இவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசியதில்லை.

தலைவர் ஐயா, நீங்கள் சொன்ன பாதி முடிந்தது. இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பம்ப் ஹவுசில் ஒரு பதிவேடு உண்டு. தேதி, மோட்டார் ஓடிய நேரம், தொட்டியின் அளவு, கடைசியில் ‘நிலை’ என்று ஒரு கட்டம். கரண்ட் போனாலோ மோட்டார் பழுதானாலோ அந்தக் கட்டத்தில் ‘நின்றது’ என்று எழுதிக் காரணத்தையும் எழுத வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ‘சீர்’ என்று எழுத வேண்டும். ஷிப்ட் முடியும்போது எழுத வேண்டியது அது. சாம்சன் அண்ணன் எப்போது எழுதுவார் தெரியுமா? காலை ஆறு மணிக்கு, கதவைத் திறந்து உள்ளே வந்ததும், மோட்டாரைத் தொடும் முன்பாகவே எழுதிவிடுவார். அப்புறம் கையெல்லாம் எண்ணெய் ஆகிவிடும் என்று முதலில் சாக்குச் சொன்னார். உண்மையான காரணத்தை ஒருநாள் சொன்னார்.

“எய்திட்டேன் பாரு குணா. இனிமே தண்ணி நின்னா நான் பொய் சொன்னவன் ஆயிடுவேன்.”

அன்றைக்கு எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது. புயல் வந்த ஐந்து நாளின் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். ஐந்து கட்டத்திலும் சீர், சீர், சீர், சீர், சீர். சந்திரகலாவின் கல்யாணத் தேதியைப் பாருங்கள். சீர். தலையில் டீசல் சுமந்தது அதில் இல்லை. மண்டபத்தில் போய்க் கை நீட்டி நின்றது அதில் இல்லை. ஒரு மனிதன் தன் உடம்பால் தாங்கிப் பிடித்ததையெல்லாம் அவனே தன் கையால் அழித்துவிட்டான்.

நாங்கள் என்ன செய்தோம்? கை தட்டினோம். மணவாள நகரில் நடந்த சங்க ஆண்டு விழாவில், ஒருநாளும் நில்லாத நிலையம் என்று ஓடைமேட்டுக்குக் கேடயம் கொடுத்தோம். மூன்று வருடம் தொடர்ந்து கொடுத்தோம். தலைவர் ஐயா, உங்கள் கையால்தான் பொன்னாடை போர்த்தினீர்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினேன். அடுத்த வருடமே மற்ற நிலையங்களிலும் எல்லோரும் சீர் என்று எழுதத் தொடங்கினார்கள். நான் அதற்கு முன்பிருந்தே அவரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். கேடயம் யாருக்குத்தான் கசக்கும்?

அப்புறம் ஜெனரேட்டரின் புகைக்குழாய் வளைவில் விரிசல் விட்டது. புகை வெளியே போகாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. அண்ணன் மனு எழுதினார். புதிய ஜெனரேட்டர் வேண்டும், இல்லையென்றால் குழாயையாவது மாற்றித் தாருங்கள் என்று எழுதினார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ‘பதிவேட்டின்படி கடந்த ஆறு ஆண்டுகளில் இந்நிலையத்தில் குடிநீர் வழங்கல் ஒருமுறையும் தடைபடவில்லை. எனவே மாற்று ஏற்பாட்டுக்கான அவசியம் எழவில்லை.’

அவர் நன்றாக ஓட்டினார். அதனால் அவருக்கு ஒன்றும் தேவையில்லை. இந்த நியாயத்தை என்னவென்று சொல்வது?

நான் அன்றைக்கே சொன்னேன். அண்ணா, ஒரே ஒரு மாதம் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், கரண்ட் போனால் போனது, தண்ணீர் நின்றால் நின்றது, தானாகக் குழாய் வரும் என்றேன். அவர் சிரித்தார்.

“நின்னுச்சுன்னு எய்றதுக்கு நாம இன்னாத்துக்கு குணா இங்க குந்திகினு கீறோம்?”

அண்ணா, இன்று நீங்கள் படத்தில் இருக்கிறீர்கள், நான் மைக்கின் முன்னால் நிற்கிறேன். உங்களை எதிர்த்துப் பேச எனக்குக் கிடைத்த ஒரே சமயம் இது. உங்கள்மேல் எனக்குக் கோபம். புகை மண்டுகிற அறையில் நிற்கிறேன் என்று உங்கள் வீட்டில்கூட நீங்கள் சொல்லவில்லை. அண்ணி உங்கள் சட்டையை முகர்ந்து பார்த்து, பீடி பிடிக்கிறாயா என்று சண்டை போட்டாராமே. ஆமாம் என்று தலையாட்டிவிட்டீர்களாமே. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சீர் என்றே சொல்லி எங்களை நம்பவைத்தீர்கள். நம்பினவர்களை அம்போவென்று விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

போன மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. ஆறு மணிக்கு அண்ணன் வழக்கம்போல எழுதிவிட்டார். ஏழே கால் மணிக்கு டிரான்ஸ்பார்மரில் ஒரு பீஸ் போனது. மூன்று பீசும் போகவில்லை, ஒன்று மட்டும் போனது. இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கும் புரியும்படி சொல்கிறேன். நம் ஊருக்குக் கரண்ட் மூன்று கம்பியில் வருகிறது. சர்ச் தெருவுக்கு ஒன்று, கங்கையம்மன் தெருவுக்கு ஒன்று, ரைஸ்மில் தெருவுக்கு ஒன்று. வீட்டுக்கு ஒரு கம்பி போதும். பம்ப் மோட்டாருக்கு மூன்றும் வேண்டும். முக்காலியில் ஒரு காலை எடுத்துவிட்டால் எப்படியோ அப்படித்தான். இரண்டு கம்பியில் ஓட்டினால் மோட்டார் எரிந்துபோகும். ஆக அன்றைக்குச் சர்ச் தெருவில் டிவி ஓடியது. கங்கையம்மன் தெருவில் ஃபேன் ஓடியது. பம்ப் ஹவுசில் மட்டும் மோட்டார் நின்றது.

அண்ணன் ஜெனரேட்டரை ஓட்டினார். சாரல் உள்ளே அடித்து ஸ்விட்ச் போர்டு நனைந்தது. ஷட்டரைப் பாதி இறக்கினார். மழை வலுத்தது. முழுவதும் இறக்கிவிட்டார். உள்ளே அந்த விரிசல் விட்ட குழாய் இருந்தது. மீதியை நான் சொல்லவேண்டாம்.

ஒன்றரை மணிக்கு நான் குடையோடு போனேன். தூரத்திலேயே மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. அண்ணன் ஒருநாளும் தொட்டியை வழியவிடமாட்டார். ஷட்டரைத் தூக்கினேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் வால்வுச் சாவி இருந்தது. அன்றைக்கு ஓடைமேட்டில் ஒரு வீட்டில்கூடத் தண்ணீர் நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து, அம்மையார் விசாரித்து எழுதிய முதல் அறிக்கை வந்தது. அதையும் சொல்கிறேன். ‘பதிவேட்டின்படி அன்றைய நிலை சீர். பொதுமக்களை விசாரித்ததில் மின்சாரம் இருந்ததாகத் தெரிவித்தனர். எனவே ஜெனரேட்டரை இயக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. இயக்குபவர் அவசியமின்றி, பாதுகாப்பு விதிகளை மீறி, தன்னிச்சையாக இயக்கியதால் ஏற்பட்ட இறப்பு.’

இதை அண்ணிக்கு நான்தான் படித்துக் காட்டினேன். தன்னிச்சையாக என்றால் என்னவென்று கேட்டார். சொன்னேன். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப எங்க ஊட்டுக்காரு வேல இல்லாத வேலையா மிஷின ஓட்டிக்கினு செத்துட்டாரா, குணா?”

ஓடைமேட்டு மக்களே, இதற்கு யார் பதில் சொல்வது? இருபத்திரண்டு வருடம் நமக்காக நின்ற மனிதன். கடைசியில் அவன் பெயருக்கு நேரே அவசியமின்றி என்று எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை இந்த அறிக்கை கையெழுத்தாகி மேலே போகிறது. போய்விட்டால் அதுதான் உண்மை. நாளைக்கு சோனியா எங்கே போய் அப்பா எப்படி இறந்தார் என்று எழுதினாலும், வேலையில் இறந்தார் என்று எழுத முடியாது. அண்ணி வேறெதுவும் கேட்கவில்லை. என் புருஷன் வேலையில் செத்தான் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்கிறார். அதைக்கூடக் கொடுக்க நமக்கு மனமில்லை.

இந்த இடத்தில் நான் அம்மையாரைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்துச் சிலர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டீர்கள். அம்மையார் பொய் எழுதவில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்து மூன்று தெருவிலும் கேட்டார். சர்ச் தெரு கரண்ட் இருந்தது என்றது. கங்கையம்மன் தெரு இருந்தது என்றது. அவர்கள் சொன்னது சத்தியம். ரைஸ்மில் தெருவிலும் கேட்டார். முப்பத்தாறு வீடு. அந்த முப்பத்தாறு வீடும் கரண்ட் இருந்தது என்று சொன்னது. துரோகம் அங்கேதான் நடந்தது.

நான் குடியிருப்பது ரைஸ்மில் தெரு.

அன்றைக்கு ஏழே கால் மணிக்கு என் வீட்டில் மிக்சி நின்றது. வெளியே வந்து பார்த்தேன். எதிர்வீட்டில், பூவம்மாள் அக்கா வீட்டில் விளக்கு எரிந்தது. அவர்கள் வீட்டு வாசல் ரைஸ்மில் தெருவில் இருந்தாலும் லைன் பின்பக்கம் கங்கையம்மன் தெருவிலிருந்து வருகிறது. ஒரு பீஸ் போனால் நம் தெருவில் நாம் என்ன செய்வோம் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். விளக்கு எரிகிற வீட்டிலிருந்து ஒயர் இழுப்போம். அங்கிருந்து அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு என்று போகும். அன்றைக்கும் இழுத்தோம். தெருவின் குறுக்கே மழையில் ஒயர் தொங்கியது. நான் அந்தக் கரண்டில் சட்னி அரைத்தேன்.

ஒரு பீஸ் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பதினான்கு வருடம் மோட்டார் ஓட்டுகிறவளுக்குத் தெரியாதா? மோட்டார் நின்றிருக்கும், அண்ணன் ஜெனரேட்டரைப் போட்டிருப்பார், அந்தக் குழாயில் விரிசல், மழைக்கு ஷட்டரை இறக்குவார். இவ்வளவும் எனக்குத் தெரிந்த சங்கதிதான். ஒரு போன் செய்திருக்கலாம். சமையலறைக் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. அண்ணன் இருக்கிறார் என்ற தைரியத்தில் மறந்துவிட்டேன். அவர் இருந்தால் நாம் மறந்துவிடலாம். அப்படித்தான் நம்மை அவர் பழக்கியிருந்தார்.

பதினொரு மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. மின் அலுவலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஒயர் இழுத்திருக்கிறோமே, எப்படிச் சொல்வது? நம் தெருவிலிருந்து ஒருவர் போய், நீளக் கழியால் டிரான்ஸ்பார்மரில் தானே பீசைப் போட்டுவிட்டு வந்தார். கரண்ட் வந்துவிட்டது. ஒயரைச் சுருட்டிவிட்டோம். புகார் எண் இல்லை, லைன்மேன் வரவில்லை, எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை. நடந்ததற்கு அடையாளமே இல்லை.

கழி எடுத்துக்கொண்டு போனவர் என் வீட்டுக்காரர் லோகு.

அவர் போனது தப்பு. மழையில் அவர் செத்திருந்தால் இதே மேடையில் இரண்டு படம் இருந்திருக்கும். ஆனால் விசாரணைக்கு அம்மையார் வந்தபோது நான் அதையா நினைத்தேன்? காலையிலேயே பூவம்மாள் அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாய தொறக்காத குணா. ஒயர் இய்த்தது தெரிஞ்சா தெருவே மாட்டிக்கும். லோகுவ புட்ச்சினு போயிடுவாங்க.”

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மையார் என் முகத்தைப் பார்த்து, உங்கள் வீட்டில் கரண்ட் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். எழுதிக்கொண்டார். நீங்கள்தானே சக ஆபரேட்டர், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இன்னொரு முறையும் கேட்டார். இல்லை என்றேன். பேனாவை மூடினார். அறிக்கையில் ‘அவசியமின்றி’ என்ற சொல்லை எழுதியது நான். அம்மையார் அதைக் காகிதத்தில் ஏற்றினார், அவ்வளவுதான்.

அண்ணி, நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, அந்த அழுகையை நம்பாதீர்கள்.

இப்போது ஜெனரேட்டர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். போன வாரம் இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் தண்ணீர் நின்றது. பதிவேட்டைத் திறந்து முதன்முறையாக ‘நின்றது’ என்று எழுதினேன். உங்களில் நாற்பது பேராவது போன் செய்து என்னைத் திட்டினீர்கள். சாம்சன் இருந்தால் இப்படி ஆகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. இருந்தால் ஆகியிருக்காது. இந்த வாயை அம்மையார் வந்த அன்றைக்கு நாம் திறந்திருக்கலாம்.

இரங்கல் கூட்டத்தில் கடைசியில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன். அன்னார் விட்டுச் சென்றபடி நான் தொடரமாட்டேன். இனி ஓடைமேட்டுப் பதிவேட்டில் நடந்தது மட்டும்தான் இருக்கும். கரண்ட் ஐந்து நிமிடம் போனாலும் ஐந்து நிமிடம் என்று எழுதுவேன். ஜெனரேட்டர் ஓடினால் எதற்காக ஓடியது என்று எழுதுவேன். நின்றால் நின்றது என்று எழுதி, கீழே முழுப்பெயரைப் போடுவேன். புகைக்குழாய் மாற்றாத அறைக்குள் நானும் போகமாட்டேன், வேறு யாரையும் போகவிடமாட்டேன். தலைவர் ஐயா, அந்தக் கேடயத்தை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். சங்கத்தில் என் பெயர் இருக்கும்வரை அதை எதிர்ப்பேன்.

உதவிப் பொறியாளர் அம்மையார் அவர்களே, இதோ என் வாக்குமூலம். நேற்று எழுதினேன். பதினெட்டாம் தேதி ஏழே கால் மணியிலிருந்து பதினொரு மணிவரை ரைஸ்மில் தெருவில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓட வழியில்லை. சாம்சன் ஜெனரேட்டரை ஓட்டியது அவசியத்தால். ஒயர் இழுத்ததையும் எழுதியிருக்கிறேன். பீஸ் போட்டது யார் என்றும் எழுதியிருக்கிறேன். அதை எழுதும்முன் வீட்டில் கேட்டேன். அவர் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். நானும் வருகிறேன், அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என் வேலை போனால் போகட்டும், வழக்கு வந்தால் வரட்டும்.

என் ஒருத்தியின் காகிதம் போதாது என்று எனக்குத் தெரியும். சக ஊழியர், பிரியத்தில் சொல்கிறார் என்று ஒதுக்கிவிடலாம். முப்பத்தாறு வீடும் சொன்னால் ஒதுக்க முடியாது. ரைஸ்மில் தெருக்காரர்களே, நீங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறீர்கள். மாலை வாங்கிக்கொண்டு வந்தீர்கள், படத்துக்குப் போட்டீர்கள், அண்ணியின் தோளைத் தொட்டீர்கள். பூவம்மாள் அக்கா, நீங்கள் தலையைக் குனிந்துகொண்டால் உங்களுக்குப் பின்னால் இருக்கிறவர்களும் குனிந்துகொள்வார்கள். என்னைத் தடுத்த நீங்களே முதலில் வாருங்கள். அபராதம் போட்டால் தெருவாகச் சேர்ந்து கட்டுவோம். அவர் பெயரை மட்டும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்து இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. தயவுசெய்து அதற்காக எழுந்திருக்காதீர்கள். நாற்பது நாளாக அவருக்கு நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அம்மையாரிடம் காகிதமும் பேனாவும் இருக்கின்றன. எழுந்து வந்து பேசுங்கள்.